மர்ம நபருக்கு வலைவீச்சு: பழைய செய்தித் தலைப்புகள் பற்றிச் சில குறிப்புகள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தாவின் தகர டிரங்குப் பெட்டியைக் காலி செய்யும் வேலையை என் தலையில் கட்டினார்கள். உள்ளே இருந்தது இரண்டு கண்டாங்கிச் சேலை, ஒரு பித்தளைச் செம்பு, மஞ்சள் துணியில் சுற்றிய பத்திரக் கட்டு. எனக்கான புதையல் இதற்கெல்லாம் கீழே இருந்தது. பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய பேப்பர். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு. அப்பத்தா பழசை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு விரிக்கிற ஆள் இல்லை. பழசுக்கு மேலேயே புதுசு. கீழே போகப் போகக் காலம் பின்னால் போகிறது. கீழடியில் குழி தோண்டுகிறவர்களுக்கு என்ன சந்தோஷமோ, அதில் ஒரு ஓரம் எனக்கும் கிடைத்தது.

பெரும்பாலான தாள்களில் தேதி இருக்கும் பகுதி கிழிந்து போயிருந்தது. ஆனால் தமிழ்ப் பேப்பரின் காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. 'கொலை' என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தப் பேப்பரிலும் கிடைக்கும். அதில் உள்ள 'லை' யானை மாதிரி துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் பேப்பர் அநேகமாக 1978-க்கு முந்தியது. ணை, லை, ளை, னை நான்குக்கும் அந்தத் துதிக்கை இருந்தது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகைகளில் அதை வெட்டிவிட்டார். தமிழக அரசு வெட்டியது 1978-இல். பழைய ஈய எழுத்துகளை உருக்கிவிட்டுப் புதுசு வாங்கக் காசு வேண்டுமே, அதனால் ஒவ்வொரு அச்சகமும் மாற எடுத்துக்கொண்ட காலம் வேறு. எப்படியானாலும் எங்கள் பெட்டியின் அடி மூன்று அடுக்கில் கொலைக்குத் துதிக்கை இருந்தது. மேல் அடுக்குகளில் இல்லை. மற்றபடி கொலை அப்படியேதான் இருந்தது.

ஆராய்ச்சி என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மொழியியல் படித்ததில்லை. ஆனால் ஒரு நோட்டுப் போட்டுத் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு வந்ததில் சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதல் விஷயம், பேப்பருக்குள் மட்டுமே வாழும் ஒரு ஜனத்தொகை இருக்கிறது. 'வாலிபர்' என்று யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? என் நாற்பத்துச் சொச்ச வருட வாழ்க்கையில் பையன், தம்பி, அண்ணன், மாப்பிள்ளை எல்லாரையும் பார்த்திருக்கிறேன். 'அந்த வாலிபர் டீ குடிச்சிட்டுக் காசு கொடுக்காமப் போயிட்டார்' என்று ஒரு டீக்கடைக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. பைக்கிலிருந்து விழுந்தாலோ காதலில் விழுந்தாலோதான் ஒருவன் வாலிபர் ஆகிறான். 'ஆசாமி'யும் அப்படித்தான். போலீஸ் பிடிக்கிற நிமிஷம் வரை அவர் ஆள், அதற்கப்புறம் ஆசாமி. 'மர்ம நபர்' இவர்கள் எல்லாருக்கும் மேல். அவருக்கு ஊர் இல்லை, வயது இல்லை, முகம் இல்லை. பூட்டை மட்டும் உடைப்பார். அவருக்குத்தான் போலீஸ் தினமும் 'வலைவீச்சு' நடத்துகிறது. இத்தனை வருஷமாக இவ்வளவு வலை வீசியும் காவல்துறைக்கு மீன்வளத்துறையோடு ஏன் ஒரு கூட்டுத் திட்டம் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

'அழகி' இன்னும் விசேஷம். தமிழ்ப் பேப்பரில் அந்தப் பட்டம் இரண்டே வழியில் கிடைக்கும். ஒன்று, உலக அழகிப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். இன்னொன்று, விடுதியில் நடந்த சோதனையில் கைதாக வேண்டும்.

இரண்டாவது, சாவுக்கு இருக்கும் படிக்கட்டு. பெரிய தலைவர் என்றால் 'மறைந்தார்'. ஊர்ப் பெரிய மனிதர் 'காலமானார்'. நடிகருக்கு 'மரணம்'. குடும்பத்தார் காசு கொடுத்துப் போடும் கட்டத்துக்குள் 'சிவலோக பதவி', 'இறைவனடி'. மற்ற எல்லாருக்கும் 'சாவு'. லாரியில் அடிபட்டால் 'பலி'. பலி என்பது சாமிக்கு இடுவது. ஆட்டுக்கும் கோழிக்கும் ஆகி வந்த சொல். பேருந்து கவிழ்ந்து செத்தவரை எந்தச் சாமிக்குப் பலி கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க முடியாதபடி அந்தச் சொல் பழகிவிட்டது.

ஏன் 'பலி'? என் ஊகம் மிகச் சாதாரணமானது: இரண்டே எழுத்து. ஒரு பத்தி அகலத்துக்குள் பெரிய எழுத்தில் தலைப்புக் கோர்க்கிற மனிதரை நினைத்துப் பாருங்கள். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் வால் முளைத்து ரயில் மாதிரி நீளும். 'உயிரிழந்தார்' என்று போட்டால் செத்தவரின் ஊருக்கு இடம் இருக்காது. பலி, சாவு, கொலை, கைது, தீ, வெட்டு. குட்டையாக இருப்பவை பிழைத்துக்கொண்டன.

இதே காரணத்தால்தான் நவாப் காலத்துக் கச்சேரிச் சொற்கள் தலைப்பில் மட்டும் இன்றைக்கும் அழியாமல் உட்கார்ந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. கைது, ஜாமீன், ரத்து, வாபஸ், ஆஜர், அமல், வசூல், தகராறு. எல்லாம் அரபியிலும் பாரசீகத்திலும் இருந்து உருது வழியாக வந்தவை. தனித்தமிழ் இயக்கம் அக்கிராசனரைத் தலைவராக்கியது, காரியதரிசியைச் செயலாளராக்கியது. வாபஸிடம் மட்டும் தோற்றது. 'திரும்பப் பெறப்பட்டது' என்பதை எந்த உதவி ஆசிரியர் ஒரு பத்திக்குள் திணிப்பார்? மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கியவர் மறுநாள் கோர்ட்டில் ஆஜராகி ஜாமீன் வாங்கி, வழக்கு ரத்தாகும் வரை உருதுவில்தான் வாழ்ந்தார்.

இந்தத் தலைப்புத் தமிழை யோசிக்கும்போது தினத்தந்தியைத் தாண்டிப் போக முடியாது. சி.பா. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். 1942-இல் மதுரையில் தந்தியைத் தொடங்கினார். பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மொழி, சின்னச் சின்ன வாக்கியம், கொட்டை எழுத்துத் தலைப்பு. பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கையேடே எழுதினார். தந்தியைக் கிண்டல் செய்வது படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு. நானும் கல்லூரியில் செய்திருக்கிறேன். ஆனால் என் தாத்தா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, டீக்கடை பெஞ்சில். வாக்கியம் சின்னதாக இருந்ததால்தான் அவரால் முடிந்தது. 'நிகழ்ந்தேறிய அசம்பாவிதம்' என்று எழுதியிருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்திருப்பார். அந்தக் கடனை மறந்துவிட்டு எழுதினால் நான் நன்றி கெட்டவன்.

பேப்பர் வாங்கக் காசில்லாதவர்களுக்குப் பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டர் இருந்தது. அது தனிக் கலை. தூரத்தில் இருந்து பார்த்தால் 'பிரபல நடிகர்' என்று ஒரு வரி, 'மரணம்' என்று இன்னொரு வரி, இரண்டுக்கும் நடுவில் எறும்பு சைஸில் ஏதோ ஒன்று. பதறிப்போய்ச் சைக்கிளை நிறுத்திக் கிட்டே போனால் அந்த எறும்பு 'வீட்டுக் காவலாளி' என்று இருக்கும். அதற்குள் கடைக்காரர் பேப்பரை நீட்டியிருப்பார். இன்றைக்கு யூட்யூபில் 'வெளியான பகீர் உண்மை, கதறிய நடிகை' என்று முகப்புப் படம் போடுகிறவர்கள் என்னவோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியவரின் பேரப் பிள்ளைகள்.

சரி, நோட்டில் இவ்வளவு சேர்ந்ததும் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. தலைப்புகள் எல்லாம் வார்ப்பில் ஊற்றியவை என்றால் அந்த வார்ப்பை ஒரு நிரலாக எழுதிவிடலாமே? பொங்கல் லீவில் ஒரு மத்தியானம் பைத்தானில் உட்கார்ந்தேன். ஆறு பட்டியல் போட்டேன். எப்போது: பட்டப்பகலில், நள்ளிரவில். எப்படி: சரமாரியாக, துணிகரமாக, நூதன முறையில். யார்: வாலிபர், மூதாட்டி, ஆசாமி, கும்பல், அமைச்சர், தங்கம் விலை. எதனால்: லாரி மோதி, மின்னல் தாக்கி, பாம்பு கடித்து, சுவர் இடிந்து, ஸ்டவ் வெடித்து. என்ன: வெட்டு, ஓட்டம், கதறல், வாபஸ், பலி. வால்: போலீஸ் வலைவீச்சு, பொதுமக்கள் குஷி, ஆர்.டி.ஓ. விசாரணை. ஒவ்வொரு பட்டியலிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து ஒட்டுவதுதான் நிரலின் வேலை. நூறு வரிகூட வரவில்லை.

நள்ளிரவில் மூதாட்டி துணிகர ஓட்டம்: வாலிபர் கதறல்.

பட்டப்பகலில் தங்கம் விலை சரமாரி வெட்டு: போலீஸ் வலைவீச்சு.

லாரி மோதி அமைச்சர் வாபஸ்: பொதுமக்கள் குஷி.

தங்கச்சி பிள்ளைகள் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சிரித்துப் புரண்டார்கள். அடுத்தது, அடுத்தது என்று கத்தினார்கள். நானும் எண்டர் தட்டித் தட்டி உரக்கப் படித்துக்கொண்டே இருந்தேன். அப்படிப் படித்ததில் ஒன்று இப்படி வந்தது: ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி: ஆர்.டி.ஓ. விசாரணை.

பிள்ளைகள் அதற்குச் சிரிக்கவில்லை. அதில் அபத்தம் எதுவும் இல்லையே. மற்றவை உளறல், இது அச்சு அசலான தலைப்பு. நான் எண்பதுகளில் தினமும் பார்த்தது. அடுத்ததைத் தட்டப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதையும் சேத்திருக்கியா?" என்றார்.

"பெட்டிலயே ஒண்ணு கெடந்துச்சும்மா. அதப் பாத்துத்தான் போட்டேன்."

"எங்க, எடு பாப்போம்."

மேலிருந்து இரண்டாவது அடுக்கில் இருந்த தாள். எட்டாம் பக்கத்தில் விரல் நீளச் செய்தி. அம்மாவுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, படிக்காமலே தெரிந்திருந்தது. எங்கள் எதிர்வீட்டில் மருமகளாக வந்த அக்கா. எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எனக்குக் கடலை மிட்டாய் கொடுத்த நினைவு மட்டும் இருக்கிறது. ஒரு நாள் எதிர்வீட்டு வாசலில் கூட்டம், எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் அந்த அக்கா இல்லை. ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொன்னார்கள். நானும் முப்பத்தைந்து வருடம் அப்படியேதான் வைத்திருந்தேன்.

"அவங்க வீட்ல இருந்தது திரி ஸ்டவ்வுடா," என்றார் அம்மா. "பம்பு ஸ்டவ்வு இல்ல. நீ இஞ்சினியருக்குப் படிச்சவன்தான, சொல்லு. திரி ஸ்டவ்வு எப்பிடி வெடிக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. பம்ப் ஸ்டவ்வில் தொட்டிக்குள் காற்றை அடித்து மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஏற்றுகிறோம். வாய் அடைத்துக்கொண்டால், அளவுக்கு மேல் அடித்தால் விபத்து வரலாம். திரி ஸ்டவ்வில் எண்ணெய் திரி வழியாகத் தானாக ஏறுகிறது, அகல் விளக்கு மாதிரி. கவிழ்ந்தால் தீப்பிடிக்கும். கலப்பட எண்ணெய் என்றால் குப்பென்று எரியும். வெடிக்க அழுத்தம் வேண்டும். அது அதில் கிடையாது.

"கருமாதி வரைக்கும் அந்த ஸ்டவ்வு திண்ணைலதான் கெடந்துச்சு. ஒரு நசுக்கு இல்ல. தெருவே பாத்துச்சு."

இப்போது என் நிரலைத் திரும்பப் பார்த்தேன். எதனால் என்ற பட்டியலில் மின்னல், பாம்பு, சுவர், ஸ்டவ். அப்படி வரிசைப்படுத்தியது நான்தான். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் வந்து என் கையைப் பிடித்து எழுதவில்லை. இயற்கையாக நேரும் விஷயங்கள் என்று யோசிக்காமல் ஒரு பெட்டியில் போட்டிருக்கிறேன். தலைப்பு வைத்திருந்த இடத்திலேயே நானும் ஸ்டவ்வை வைத்திருக்கிறேன்.

நோட்டை மறுபடி எடுத்துப் புரட்டினேன், இந்த முறை சொற்களுக்காக இல்லை, இலக்கணத்துக்காக. நம் தலைப்புகளில் உணர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. துணிகரம், பயங்கரம், பரிதாபம், உருக்கம் எல்லாம் உண்டு. எழுவாய்க்குத்தான் பஞ்சம். வினைமுற்றைப் பெயர்ச்சொல்லாகவோ எச்சமாகவோ மாற்றிவிடுவதால் (வெட்டினார் அல்ல, வெட்டு, இடித்தான் அல்ல, மோதி) செய்தவரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் வாக்கியத்துக்கு இல்லாமல் போகிறது. லாரி தானாக மோதுகிறது. ஓட்டியவரும், தூங்க விடாமல் ஓட்டச் சொன்ன முதலாளியும் கீழே இறங்கிப் போய்விடுகிறார்கள். விஷவாயு தானாகத் தாக்குகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் அந்தத் தொழிலாளியை இறக்கியவர் எங்கே? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. தலைப்பில் இன்னும் விஷவாயுதான் கொலைகாரன்.

எழுவாய் முழுசாகக் கிடைக்கும் தலைப்புகளும் உண்டு. பெண் குற்றம் சாட்டப்பட்டால் போதும். 'காதலனுடன் சேர்ந்து கணவனைத் தீர்த்துக்கட்டிய இளம்பெண்' என்று இடம், வயது, வேலை, காதல், சில சமயம் சேலை நிறம் வரை வரும். அங்கே ஒரு பத்தி அகலம் போதாதே என்ற கவலை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. பெண் கொன்றால் பெண் எழுவாய். பெண் செத்தால் ஸ்டவ் எழுவாய். என் நோட்டில் இருப்பது பெட்டியடித் தாள்களும் அங்கே இங்கே சேர்த்தவையும்தான். இதைப் புள்ளிவிவரம் என்று யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஆனால் பழைய பேப்பர் வீட்டில் இருக்கிறவர்கள் பத்து நிமிஷம் புரட்டிப் பாருங்கள்.

பத்திரிகைக்காரர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. நிரூபணம் ஆகாமல் 'கணவன் எரித்தான்' என்று போட முடியாது. ஸ்டேஷனில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நிருபர் தருவார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் அதே நிரூபணம் ஆகாத நிலையில்தான் 'அழகி'யும் 'கள்ளக்காதலி'யும் அச்சாகிறார்கள். திருமணத்துக்கு வெளியே உறவு என்பது குற்றமே இல்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 497-ஆம் பிரிவு போய்விட்டது. கள்ளக்காதல் தலைப்பிலிருந்து போகவில்லை. ஜாக்கிரதை ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் அதற்குப் பேர் ஜாக்கிரதை இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் பேப்பரைவிட நேராகப் பேசியிருக்கிறது. 1983-இல் தண்டனைச் சட்டத்தில் 498ஏ வந்தது. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் எப்படி விசாரிப்பது என்று நடைமுறைச் சட்டத்திலும் அதே திருத்தம் சேர்த்தது. 1986-இல் 304பி, வரதட்சணைச் சாவு. அந்தப் பிரிவு ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமாக முதலில் சொல்வதே தீக்காயத்தைத்தான். அப்புறம்தான் மற்ற காயங்கள். தில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கே ஸ்டவ் விஷயம் தெரிந்திருந்தது.

எங்கள் தெருவுக்கும் தெரிந்திருந்தது. அம்மாவிடம் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது தலைப்பை அவர் காதில் வாங்கவே இல்லை. "கடைசி வரியப் படி," என்றார். கடைசி வரி: திருமணமாகி 2 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது. அந்தக் காலத்தில் பொம்பளைகள் இந்த மாதிரிச் செய்தியை அங்கேயிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்களாம். ஸ்டவ் என்று தலைப்பு இருந்து கடைசியில் ஆர்.டி.ஓ. இருந்தால் அர்த்தம் வேறு. அந்த நிருபரும் இதைத் தெரிந்தேதான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். தலைப்பில் சொல்ல முடியாததை எந்த வழக்கும் வராத ஒரு வரியில் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியடியில் படித்தபோது நான் அந்த வரியை வெறும் வால் என்று நினைத்து நிரலில் 'பொதுமக்கள் குஷி'க்குப் பக்கத்தில் போட்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் பத்திரிகையைத் திட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். அம்மா இன்னொன்று சொன்னார்.

"அந்தப் புள்ளயே ஆஸ்பத்திரில அப்பிடித்தான் சொல்லிச்சாம். மேஜிஸ்ட்ரேட் வந்து எழுதுனப்ப. ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னு."

"ஏம்மா?"

"கைப்பிள்ள இருந்துச்சுல்ல. அந்த வீட்லதான வளரணும்?"

மரண வாக்குமூலம் கொடுக்கிறவருக்குப் புதிதாக ஒரு கதை யோசிக்கத் தெம்பு இருக்காது. யோசிக்க வேண்டிய தேவையும் இருந்திருக்கவில்லை. தினமும் டீக்கடையில், பஸ்ஸில், மளிகைப் பொட்டலத்தில் அந்த வாக்கியம் இருந்தது. மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்ல அதே வாக்கியம், ஏட்டு எழுதிக்கொள்ள அதே வாக்கியம், நிருபர் அனுப்ப அதே வாக்கியம், உதவி ஆசிரியர் எழுத்துக் கோர்க்கக் கொடுக்கவும் அதுவே. தலைப்பு செய்தியிலிருந்து பிறக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே தலைப்பு முன்னாலேயே தயாராக இருந்தது. வாங்கிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பழைய தலைப்புகளின் வேடிக்கை என்றால் உலகம் முழுக்க முதலில் காட்டுவது அமெரிக்காவின் 1948-ஐத்தான். ஜனாதிபதித் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் நவம்பர் 3-ஆம் தேதி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பக்கத்தை வழக்கத்தைவிட முன்னாலேயே முடிக்க வேண்டிய நிலை. ஓட்டு எண்ணி முடியும் முன்பே முடிவை எழுதிவிட்டார்கள். ஜெயித்தது ட்ரூமன். மறுநாள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அவரே அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் படம் பிரசித்தம். நானும் அதை அலுவலகத்தில் விளக்கப் படங்களில் போட்டிருக்கிறேன், சோதிக்காமல் வெளியிடாதீர்கள் என்று ஜூனியர்களுக்குச் சொல்வதற்கு. இப்போது யோசித்தால் அது மிகவும் பாக்கியம் செய்த பிழை. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தார், கையில் பேப்பர் கிடைத்தது, தூக்கிக் காட்டினார். எட்டாம் பக்கத்து விரல் நீளச் செய்தியை யார் தூக்கிக் காட்டுவது?

எங்கள் தொழில் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆன்லைனில் பணம் கட்டும்போது பாதியில் நின்றுபோனால் திரையில் என்ன வருகிறது? 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது.' நேர்ந்துவிட்டதாம். அந்த மாதிரி வாக்கியம் நானே எழுதியிருக்கிறேன். தவறு என் நிரலில் இருந்தது, அது எனக்குத் தெரியும், மேலாளருக்கும் தெரியும். பணம் மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் ஏதோ நேர்ந்தது. திரி ஸ்டவ் வெடிக்கிற இலக்கணம்தான் இதுவும்.

தலைப்புகள் கொஞ்சம் மாறி வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பாலியல் தொழிலாளிகளின் அடையாளத்தைச் சோதனைச் செய்திகளில் வெளியிடக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அழகிகள் குறைந்த மாதிரி எனக்குத் தெரிகிறது. ஸ்டவ் வெடிப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டது. வீடுகளில் கேஸ் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு 'வயிற்று வலி தாங்காமல்' வந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைத் தனியாக நோட்டில் குறித்து வருகிறேன், இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை.

நிரலில் 'ஸ்டவ் வெடித்து' என்பதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தேன். வேறு எங்கே போடுவது என்று பார்த்தால் இடமில்லை. 'செய்தவர்' என்று ஒரு பட்டியல் நான் போடவே இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளைகள் மட்டும் அவ்வப்போது போனில் "மாமா, அந்த மூதாட்டி ஓட்டத்த அனுப்புங்க" என்று கேட்கிறார்கள்.

ஆர்.டி.ஓ. விசாரணையில் என்ன ஆனது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த வருஷமே எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், பிள்ளையோடு. தொடர்ச்சி ஏதாவது இருக்குமோ என்று அதற்கு மேலே இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க தீபாவளி ரிலீஸ் சினிமா விளம்பரம். மறுபக்கம் ராசி பலன்.